அடைக்கோழி எழுந்து ஓடுவது ஏன்?
வீட்டுக் கோழிகளைப் பற்றும் சிற்றுண்ணிகளை அறிதலும் அகற்றுதலும்

தோட்டப்புறங்களில் வீட்டின் பின்புறத்தே ஒரு கூண்டு அமைத்து, ஐந்தாறு கம்பத்துக் கோழிகளை வளர்ப்பது நெடுங்கால வழக்கம். விடியற்காலையில் பால் வெட்டச் செல்லுமுன் கூண்டைத் திறந்துவிட்டால், அவை நாளெல்லாம் மேய்ந்து மாலையில் தாமே திரும்பிவரும். தீனிச் செலவும் குறைவு. முட்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகிறது. சேவல் பண்டிகைக்கு ஆகிறது. அவசரத் தேவை ஏற்படின் இரண்டு கோழிகளை விற்றுக் கையில் கொஞ்சம் பணமும் பார்க்கலாம்.

இவ்வாறு வளர்ப்போர் அடிக்கடி காணும் நட்டம் ஒன்று உண்டு. பத்து முட்டைகளை வைத்து அடைக்கு அமர்த்திய கோழி, இரண்டு வாரம் பொறுமையாக அமர்ந்திருந்துவிட்டு, குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கும் வேளையில் திடீரென எழுந்துவிடுகிறது. பிடித்து மீண்டும் அமர்த்தினாலும் அமர்வதில்லை. முட்டைகள் குளிர்ந்து வீணாகின்றன. “இந்தக் கோழிக்கு அடைகாக்கத் தெரியவில்லை” என்று கூறி அதனைக் கறிக்கு அறுத்துவிடுவோர் உண்டு. கண்ணேறு என்பாரும் உளர். ஆனால், பல வேளைகளில் குற்றம் கோழியுடையது அன்று. அது அமர்ந்திருந்த கூட்டில் கிடக்கும் காய்ந்த புல்லில் ஒரு பிடியை எடுத்து வெள்ளைத் தாளின்மீது உதறிப் பார்த்தால் உண்மை விளங்கும். மிளகுப் பொடியைத் தூவியது போன்று நூற்றுக்கணக்கான சிறு உயிர்கள் தாளின்மீது ஊர்ந்து திரியும். இரவும் பகலும் அசையாது அமர்ந்திருக்கும் தாய்க்கோழியின் இரத்தத்தை உறிஞ்சியே அவை பெருகியிருக்கின்றன. அந்தக் கடியைத் தாங்க இயலாமல்தான் அது எழுந்து ஓடியது.

பேன் வேறு, சிற்றுண்ணி வேறு

கோழியின் உடலில் ஊரும் எதனையும் நாம் கோழிப்பேன் என்றும் செள் என்றும் பொதுவாகக் கூறிவிடுகிறோம். பேச்சு வழக்கில் இதனால் குற்றமில்லை. மருந்திடும்போதுதான் இவ்வேறுபாடு தேவைப்படுகிறது. ஏனெனில், ஒன்று கோழியின் உடலிலேயே வாழ்நாள் முழுவதையும் கழிப்பது. மற்றொன்று கூண்டையும் கூட்டையும் வீடாகக் கொண்டது. கூண்டில் வாழும் பகைவனை ஒழிக்கக் கோழியின்மீது மட்டும் பொடி தூவிக்கொண்டிருந்தால், எத்தனை டப்பா பொடி வாங்கினாலும் போதாது.

பேன் பூச்சியினத்தைச் சேர்ந்தது. ஆறு கால்களை உடையது. வைக்கோல் நிறத்தில், கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கோழியின் இறகை விலக்கிப் பார்த்தவுடன் வெளிச்சத்திற்கு அஞ்சி ஓடி மறையும். இறகின் அடியில் வெள்ளைக் கட்டிபோல் ஒட்டிக்கொண்டிருப்பது அதன் ஈர். இறகையும் தோலின் செதிலையும் கடித்துத் தின்று வாழும் இப்பேன், கோழியைவிட்டு விழுந்தால் சில நாள்களில் இறந்துபோகும். மனிதரை இது கடிப்பதில்லை.

சிற்றுண்ணியோ சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றின் இனம். வளர்ந்த சிற்றுண்ணிக்கு எட்டுக் கால்கள். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. ஆதலால் வெறுங்கண்ணால் கால்களை எண்ணிப் பார்க்க முனைய வேண்டா. அதற்கு எளிய வழி உண்டு. வெள்ளைத் தாளில் ஊரும் ஒன்றை விரலால் நசுக்கித் தேய்த்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுமாயின், அது இரத்தம் குடித்த சிற்றுண்ணி. பசியுடன் இருப்பது சாம்பல் நிறமாகவும், வயிறு நிறைந்தது செந்நிறமாகவோ கருஞ்சிவப்பாகவோ தோன்றும்.

கூட்டில் பெருகும் இனம்

நம் மலேசியா போன்ற வெப்ப நாடுகளில் வீட்டுக் கோழிகளை மிகுதியாகத் துன்புறுத்துவது வெப்பநாட்டுக் கோழிச் சிற்றுண்ணி எனப்படும் இனமாகும். இத்தாலிய அறிஞர் அந்தோனியோ பெர்லேசே 1888-ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டார். இது கோழியின் உடலிலும் கூட்டிலும் ஒருங்கே வாழும். கோழியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள மென்மையான இறகுகளை விலக்கிப் பார்க்க வேண்டும். அவ்விடத்து இறகுகள் கறுத்து, அழுக்கேறி, ஒட்டியிருந்தால், அது சிற்றுண்ணியின் முட்டையும் கழிவும் உரித்த தோலும் சேர்ந்த கறையாக இருக்கக்கூடும்.

இதன் பெருக்கத்தைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். முட்டையிலிருந்து வெளிப்பட்டு, வளர்ந்து, தானே முட்டையிடும் நிலையை இது ஏறத்தாழ ஒரு வாரத்தில் அடைந்துவிடுகிறது. கோழி அடைகாக்கும் காலமோ 21 நாள்கள். அக்காலத்தில் சிற்றுண்ணிகள் மூன்று தலைமுறைகள் பெருகிவிடும். மற்றக் கோழிகள் மண்ணில் புரண்டு இறகை உதறித் தம்மைத் தாமே ஓரளவு தூய்மை செய்துகொள்ளும். அடைக்கோழியோ நாளில் சிறிது நேரமே கூட்டைவிட்டு இறங்குகிறது. வெப்பமான கூடு, அசையாத உணவு, உதறிவிடாத இறகு இவையெல்லாம் ஒன்றுசேர்ந்தால் சிற்றுண்ணிக்கு வேறென்ன வேண்டும்? முதல் வாரத்தில் கண்ணுக்கே படாத தொல்லை மூன்றாம் வாரத்தில் கோழியை எழுப்பி விரட்டுவது இதனால்தான். தாய்மை மிகுந்து எழாமலே அமர்ந்திருக்கும் கோழிகளும் உண்டு. அவற்றின் கொண்டை வெளுத்து, உடல் மெலிந்துவிடும். பொரித்து வெளிவரும் குஞ்சுகளையும் சிற்றுண்ணிகள் மொய்த்துக்கொள்ளும். பிறந்து இரண்டு நாளே ஆன குஞ்சின் உடலில் இரத்தம் எவ்வளவு இருக்கப்போகிறது! காலையில் கூட்டுக்குள் செத்துக் கிடக்கும் குஞ்சுகளைக் கண்டு காரணம் புரியாமல் திகைப்போர், முதலில் கூட்டைச் சோதிப்பது நலம்.

பிள்ளைகளின் உடலில் தோன்றும் தடிப்பு

குஞ்சுகளை அழைத்துக்கொண்டு தாய்க்கோழி வெளியேறியபின் கூடு வெறுமையாகிறது. அங்குத் தங்கிவிட்ட சிற்றுண்ணிகள் உணவின்றி ஏறத்தாழ பத்து நாள்கள்வரை உயிர் வாழக்கூடியவை. அவை சும்மா இருப்பதில்லை. சுவரில் ஏறி, பலகை இடுக்கில் நுழைந்து, வீட்டுக்குள் வந்து, உறங்குவோரைக் கடிக்கின்றன. சமையற்கட்டை ஒட்டியே கூண்டு வைத்திருக்கும் வீடுகளில் இத்தொல்லை கூடுதலாக இருக்கும். கூரைக்கடியில் மைனாவோ புறாவோ கூடு கட்டியிருந்து, குஞ்சுகள் பறந்துபோன பின்பும் இதே போன்று நிகழ்வதுண்டு. கோழியே வளர்க்காத வீட்டிலும் கோழிச் சிற்றுண்ணி வருவதன் இரகசியம் இதுதான்.

கடித்த இடத்தில் சிறு சிவப்புத் தடிப்புகள் தோன்றி, கடுமையாக அரிக்கும். மனித உடலில் இது தங்கி வாழ்வதோ முட்டையிட்டுப் பெருகுவதோ இல்லை. சோப்பிட்டுக் குளித்து, உடுத்திய துணியையும் படுக்கை விரிப்பையும் வெந்நீரில் துவைத்து, கூட்டை அகற்றிவிட்டால் சில நாள்களில் அரிப்பு நின்றுவிடும்.

சொறிநோயோடு இதனைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. சொறிநோயை உண்டாக்குவதும் ஒரு சிற்றுண்ணியே. எனினும் அது மனிதத் தோலைத் துளைத்து உள்ளேயே வாழும் வேறு இனம். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் அரிப்புத் தொடங்கி, இரவில் மிகுந்து, ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றி, வீட்டிலுள்ளோர் அனைவரையும் பிடித்துக்கொள்ளும். அதற்கு மருந்தகத்திற்குச் சென்று, குடும்பத்தார் அனைவரும் ஒரே நேரத்தில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும். கோழிச் சிற்றுண்ணிக்குச் சொறி மருந்தைத் திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டு, கூட்டை அப்படியே விட்டுவைத்தால் அரிப்பு எப்படி நிற்கும்? மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டருகே கோழிக் கூண்டு இருப்பதை மறவாமல் கூறுங்கள்.

இரவில் வரும் செஞ்சிற்றுண்ணி

மற்றோர் இனம் பகலில் கோழியின் உடலில் தென்படுவதே இல்லை. கூண்டின் பலகை இடுக்கிலும், கோழி ஏறி உறங்கும் கம்பின் அடிப்புறத்திலும், ஆணித் துளையிலும் பகல் முழுதும் ஒளிந்திருந்து, இருட்டியபின் வந்து இரத்தம் குடித்துவிட்டு, மீண்டும் இடுக்குக்கே திரும்பிவிடும். பகலில் எத்தனை முறை கோழியைப் பிடித்துச் சோதித்தாலும் இது அகப்படாது. மாலையில் கூண்டுக்குள் நுழைய மறுத்து, மரத்தின்மீதும் கூரையின்மீதும் ஏறி உறங்கும் கோழிகளைப் பார்த்தால் இதனை ஐயுறலாம். அவற்றைக் கோலெடுத்து விரட்டிக் கூண்டில் அடைப்பது, தீயிலிருந்து தப்பியவனைப் பிடித்து மீண்டும் தீயில் தள்ளுவதற்கு ஒப்பாகும்.

இரவு ஒன்பது பத்து மணியளவில் டார்ச் விளக்குடன் சென்று, கம்பின் அடிப்பாகத்தைப் பாருங்கள். அல்லது ஒரு வெள்ளைத் துணியால் கம்பைத் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்புக் கறை படியும். மடிப்பு மடிப்பான பெட்டி அட்டையில் ஒரு துண்டை வெட்டிச் சுருட்டி, கம்பின் கீழே கட்டி வைத்து இரண்டு நாள் கழித்து விரித்துப் பார்ப்பதும் நல்ல முறை. அட்டையின் துளைகளுக்குள் அவை கூட்டமாகக் குடியேறியிருக்கும். பலகை இடுக்குகளில் உப்பும் மிளகும் கலந்தது போன்ற சாம்பல் நிறப் பொடி காணப்படுவதும் இவ்வினத்தின் அடையாளமாகும். இது உணவின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்க வல்லது. ஆகவே, கூண்டைச் சில நாள் காலியாக விட்டுவைத்தால் தானே செத்துவிடும் என்று கருதுவதற்கில்லை.

முதலில் கூடு, பிறகு கோழி

சிற்றுண்ணியை ஒழிக்கும் வேலையில் பெரும்பங்கு கூண்டில்தான் இருக்கிறது. வெயில் அடிக்கும் ஒரு காலைப்பொழுதைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளுங்கள். கூட்டிலுள்ள பழைய புல், வைக்கோல், சாக்கு அனைத்தையும் எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, வெயிலில் வைத்துவிட்டுப் பின்னர்ப் புதைத்துவிட வேண்டும். பழைய புல்லை வீட்டருகே உதறிக் கொட்டுவதால் சிற்றுண்ணிகள் நாலா பக்கமும் பரவுமேயன்றிக் குறையா. பிறகு எச்சத்தைச் சுரண்டி எடுத்து, சோப்பு நீரால் தேய்த்து, இடுக்கு இடுக்காகக் கொதிநீரை ஊற்றுங்கள். கொதிநீர் பட்ட சிற்றுண்ணியும் முட்டையும் அந்தக் கணமே சாகும். நஞ்சும் இல்லை, செலவும் இல்லை. இந்த ஒரு முறையை ஒழுங்காகச் செய்வோர் மருந்துக் கடையைத் தேடிப் போக வேண்டிய நிலை பெரும்பாலும் ஏற்படாது என்றே கூறலாம். மரக்கூண்டின்மீது மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவோர் உண்டு. பலகை வீடுகள் அடுத்தடுத்து இருக்கும் குடியிருப்பில் அது விபரீதத்தில் முடியலாம்.

கூண்டு காய்ந்தபின் இடுக்குகளை அடைத்து, சுண்ணாம்பு அடித்துவிட்டால் ஒளிவிடம் குறையும். கோழி ஏறும் கம்பைச் சுவரில் முட்டாமல் தனியே கால் நட்டு நிறுத்தி, அக்கால்களைச் சோப்பு நீர் உள்ள டின்களில் வைத்தால் இரவில் ஏறிவரும் இனத்திற்கு வழி அடைபட்டுவிடும். ஏழு நாள் கழித்து இதே வேலையை மறுமுறை செய்ய வேண்டும். அதற்கடுத்த வாரமும் ஒருமுறை. கொதிநீர் படாத மூலையில் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும் அல்லவா? பலர் முதல் முறையோடு நிறுத்திவிட்டு, “மருந்து பலிக்கவில்லை” என்று கைவிடுகின்றனர். இங்கே மருந்தைக் குறை கூறிப் பயனில்லை.

அடையில் இருக்கும் கோழிக்கு இவ்வளவும் செய்ய இயலாது. அதற்கு வேறு வழி உண்டு. அடை வைத்துப் பத்து நாள் ஆனதும், புதிய பெட்டியொன்றில் உலர்ந்த மணலும் புதிய புல்லும் பரப்பி, பழைய கூடு இருந்த அதே இடத்தில் வையுங்கள். கோழி தீனிக்காக இறங்கும் வேளையில் முட்டைகளை ஒவ்வொன்றாகத் துணியால் மெல்லத் துடைத்துப் புதிய பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். இடம் மாறாவிட்டால் கோழி பெரும்பாலும் முரண்டு செய்யாமல் அமர்ந்துகொள்ளும்.

கோழிக்கு இடும் பொடிகளில் கந்தகத்தூள் மலிவானதும் நம்பத்தக்கதுமாகும். தோட்ட மக்களுக்கு இது புதிய பொருள் அன்று. இரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும் பருவத்தில், தளிரைக் கெடுக்கும் சாம்பல் நோயைத் தடுக்கக் கந்தகத்தூள் தூவும் முறையை நம்மவர் நன்கு அறிவர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இதனையொத்த மற்றொரு கோழிச் சிற்றுண்ணியை வைத்து ஆராய்ச்சியாளர்கள் சோதனை செய்து, 2012-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கோழிகள் தாமே புரளும் மண் தொட்டியில் கந்தகம் கலந்து வைத்தபோது சிற்றுண்ணிகள் பெரிதும் குறைந்தன என்பது அவர்கள் கண்டது. நம் வீட்டிலும் அகலமான மரப்பெட்டி ஒன்றில் உலர்ந்த மணலும் விறகுச் சாம்பலும் நிரப்பி, கந்தகத்தூளைக் கலந்து, மழை படாத இடத்தில் வைத்தால் போதும்; மற்றதைக் கோழியே பார்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் முற்றம் முழுவதும் சேறாகிக் கோழி புரள இடமின்றித் தவிக்கும்போதே சிற்றுண்ணி பெருகுவதால், அந்நாள்களில் இப்பெட்டி மிகவும் பயன்படும். பிளாஸ்டிக், பெயிண்டு பூசிய பலகை முதலியவற்றை எரித்த சாம்பல் ஆகாது. மோசமாகப் பாதிக்கப்பட்ட கோழிக்கு இறக்கையின் கீழும் எச்சத்துவாரத்தைச் சுற்றிலும் கந்தகத்தூளைக் கையால் தேய்த்துவிடலாம். அப்போது உங்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கோழியின் கண்ணிலும் அலகிலும் பொடி படக்கூடாது. கூண்டுக்குள் கந்தகத்தைப் புகைப்பது வேண்டா, அப்புகை நஞ்சு.

வேப்பிலை, செரை முதலியவற்றைக் கூட்டில் இடும் வழக்கம் உண்டு. அதனால் தீமையில்லை. எனினும், பெருகிவிட்ட சிற்றுண்ணியை அவற்றால் மட்டும் ஒழித்துவிட இயலாது. புகையிலையை இடுவது வேறு. அதிலுள்ள நிக்கோடின் கோழிக்கும் நஞ்சாகும்.

எதனைத் தெளிக்கக் கூடாது?

இப்பகுதியைப் பெற்றோர் கவனத்துடன் படிக்க வேண்டுகிறோம். ‘மருந்து’ என்ற ஒரே சொல்லால் நாம் புல்மருந்தையும் பூச்சிமருந்தையும் காய்ச்சல் மருந்தையும் குறிப்பிடுகிறோம். இதனால் வேலைக்காட்டில் பயன்படும் நஞ்சைக் கோழிக் கூண்டுக்கும் தெளித்துவிடலாம் என்ற எண்ணம் சிலருக்கு ஏற்படுகிறது. புல்மருந்து செடியைக் கொல்வதற்காக ஆக்கப்பட்டது. சிற்றுண்ணியை ஒழிக்க அது உதவாது; கோழிக்கும் அதன் முட்டையை உண்ணும் பிள்ளைக்கும் கேடு செய்யக்கூடும். பாராகுவாட் என்னும் புல்மருந்து நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஒரு மிடறு உட்சென்றாலும் உயிர் போகக்கூடிய அந்நஞ்சுக்கு மாற்று மருந்தே கிடையாது. பழைய புட்டி எங்கேனும் எஞ்சியிருப்பின் அதனைத் தொடாமல் தோட்ட நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். நஞ்சு இருந்த டின்னை வெட்டிக் கோழிக்குத் தண்ணீர் வைப்பதும், அதனையே முட்டையிடும் பெட்டியாக்குவதும் கூடாத செயல்களாகும். எத்தனை முறை கழுவினாலும் அது நஞ்சு டின்தான்.

பெரிய நாடுகளும் இதில் தவறியுள்ளன. 2017-ஆம் ஆண்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிப் பண்ணைகளில் செஞ்சிற்றுண்ணியை ஒழிப்பதற்கு ஃபிப்ரோனில் என்னும் மருந்து சட்டவிரோதமாகப் பயன்படுத்தப்பட்டது. நாய், பூனைகளின் உண்ணிக்கு ஆகும் அம்மருந்தை, உணவுக்குரிய கோழிகளுக்குப் பயன்படுத்த ஐரோப்பிய நாடுகள் அனுமதிப்பதில்லை. மருந்து முட்டைக்குள் சேர்ந்துவிட்டது தெரியவந்ததும், பல இலட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன. அங்கே சோதனைக் கூடம் இருந்தது, கண்டுபிடித்தனர். நம் வீட்டு முற்றத்து முட்டையைச் சோதிப்பார் யார்?

கந்தகத்திற்கும் கொதிநீருக்கும் அடங்காத நிலையில், கோழிகளுக்கென்றே விற்கப்படும் பெர்மெத்ரின் பொடியை வாங்கலாம். உறையில் எழுதியுள்ள அளவையும், முட்டையை எத்தனை நாள் உண்ணாமல் விடவேண்டும் என்ற குறிப்பையும் படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு படித்தறிய வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் பொடியை அது நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு. ஊசி மருந்தும் உட்கொள்ளும் மருந்தும் கால்நடை மருத்துவர் கூறினாலன்றிக் கொடுக்கலாகாது. மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம். கொண்டை வெளுத்திருப்பதற்கு வேறு நோயும் காரணமாகலாம் என்பதையும், கோழிகள் ஒரே நாளில் பலவாக இறந்தால் அது சிற்றுண்ணியின் வேலையன்று, உடனே அவ்வலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டியது என்பதையும் நினைவிற் கொள்க.

காலில் செதில் தூக்கினால்

வயதான சேவல்களின் கால் தடித்து, செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசியது போன்று வெள்ளைப் பொருக்குப் படிந்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். முதுமையினால் வருவது என்று விட்டுவிடுகின்றனர். இதுவும் சிற்றுண்ணியால் வருவதே. இவ்வினம் இரத்தம் குடிக்க இரவில் வந்துபோவதன்று. காற்செதிலின் அடியில் துளைத்து, அங்கேயே வாழ்ந்து பெருகுகிறது. மெதுவாகப் பரவும் நோய் ஆதலால் மாதக்கணக்கில் கவனிக்கப்படாமலே வளர்ந்து, கோழி நொண்டத் தொடங்கிய பிறகே கண்ணில் படும். முற்றினால் விரலே அழுகி விழுந்துவிடும்.

தூக்கிய செதிலைப் பிடுங்குவது பெருந்தவறு. இரத்தம் கசிந்து புண்ணாகும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் காலைச் சில நிமிடம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் தூரிகையால் மெல்லத் தேய்த்து, ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தேங்காயெண்ணெயில் குழைத்த கந்தகத்தூளையோ, வாசலினையோ செதிலின் இடுக்கெல்லாம் புகுமாறு தடித்துப் பூச வேண்டும். எண்ணெய்ப் பசையால் மூச்சடைத்துச் சிற்றுண்ணி சாகும். மண்ணெண்ணெயில் காலை முக்கி எடுப்பது பழைய முறை. அது தோலை வெந்துபோகச் செய்வதால் கைவிடத்தக்கது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எனச் சில வாரங்கள் விடாமல் பூசிவர வேண்டும். ஒரே கம்பில் உறங்கும் மற்றக் கோழிகளுக்கும் நோய் வெளியே தெரியாவிட்டாலும் ஒருமுறையேனும் பூசுவது நல்லது. புதிதாக வாங்கிவரும் கோழியை இரண்டு வாரம் தனியே கட்டிவைத்து, காலையும் இறகையும் பார்த்தபின் மற்றவற்றோடு சேர்க்கலாம். நோய் நீங்கியபின்னும் கால் உடனே பழைய தோற்றத்திற்கு வருவதில்லை. பழைய பொருக்குகள் மெல்ல உதிர்ந்து, அடியில் புதிய செதில் ஒழுங்காக அமைவதற்குப் பல வாரங்கள், சிலவற்றுக்குப் பல மாதங்கள்கூட ஆகும்.